ஓகஸ்ட்டில் நீ வருவதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

நீ வட்ஸ்அப்பில் பேசி அனுப்பியதை அப்பாவும் நானும் கேட்டோம். மூன்று குடும்பமாக ஓகஸ்ட்டில் கனடாவிலிருந்து யாழ்ப்பாணம் வந்து, விசேட தேவையுள்ள பிள்ளைகள் இருக்கிற ஒரு இல்லத்தில் மூன்று கிழமை தொண்டு செய்யப் போகிறீர்கள். திரும்பிப் போகும்போது ஆளுக்கொரு பிள்ளையைப் பொறுப்பெடுத்து மாதம் நாற்பது டொலர் அனுப்பப் போகிறீர்கள். நல்ல விஷயம் என்று அப்பா உடனே பதில் போட்டுவிட்டார். எனக்கு அப்படி ஒரு வரியில் முடிக்க மனம் வரவில்லை. பாடசாலையில் இப்படிப் பிள்ளைகளுக்கென்று இருக்கிற விசேட கல்வி அலகில் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். இப்போதும் என் காலைகள் பலவும் அந்தப் பிள்ளைகளோடுதான் போகின்றன. அதனால் நீளமாக எழுதுகிறேன். மருமகளும் வாசிக்கட்டும்.

முதலில் யாரைப் பார்க்க வருகிறாய் என்று தெரிந்துகொள். உங்கள் பக்கத்து நிதி சேர்ப்பு அட்டைகளில் இன்னும் போரில் கால் இழந்த சிறுவனின் படம்தான் இருக்கிறது. போர் முடிந்தது 2009 மே மாதம். அன்று பத்து வயதில் காலை இழந்த பையன் இன்று இருபத்தைந்தைத் தாண்டிய ஆம்பிளை. அவனுக்குப் பொம்மையும் கலர்ப் பென்சிலும் எதற்கு? வேலை வேண்டும், மலசலகூடத்துக்குள் சக்கர நாற்காலி நுழைகிற அளவுக்கு அகலமான கதவு வேண்டும். அப்படி ஒருவனை எனக்குத் தெரியும். வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த காசு அவனுக்குப் பதினெட்டு ஆனதோடு நின்றது. சிறுவனாக இருந்தவரைதான் அவன் படத்துக்கு மதிப்பு.

இன்று நான் காண்கிற பிள்ளைகள் வேறு. பெருமூளை வாதம், டவுண் சிண்ட்ரோம், ஓட்டிசம், காது கேளாமை, வலிப்பு. குறைமாதத்தில் பிறந்தவர்கள், பிறந்தவுடன் மூச்செடுக்கத் திணறியவர்கள், மஞ்சள் காமாலை அளவுக்கு மிஞ்சி மூளையைத் தாக்கியவர்கள். இதில் வீரமும் இல்லை, அரசியலும் இல்லை. அதனாலேயே இவர்களுக்கு ஆட்கள் குறைவு.

அடுத்தது இந்தச் சாப்பாடு கொடுக்கிற விஷயம். உங்கள் சின்னவளின் பிறந்தநாளை இல்லத்தில் கொண்டாட வேண்டும் என்று மருமகள் சொன்னாளாம். சொல்கிறேன் என்று குறை நினைக்க வேண்டாம். பிறந்தநாளுக்கும் ஆண்டுத் திவசத்துக்கும் இல்லப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்கிற வழக்கம் எங்கள் சனத்திடம் இப்போது ஊறிவிட்டது. ஒரு இல்லத்தில் நான் பார்த்தேன்: ஒரே கிழமையில் இரண்டு கேக் வெட்டினார்கள். சுவரில் உபயகாரரின் படம் போட்ட பனர், அதன் முன்னால் பிள்ளைகள் வரிசையாக இருந்து போட்டோ. அதே கிழமை அங்கே பம்பேர்ஸ் முடிந்து, பழைய சீலைத் துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பம்பேர்ஸுக்கு யாரும் பனர் அடிப்பதில்லை.

கேக்கில் இன்னொன்றும் இருக்கிறது, இது விளையாட்டில்லை. பெருமூளை வாதம் உள்ள பல பிள்ளைகளுக்கு விழுங்குகிற தசைகள் ஒழுங்காக வேலை செய்யாது. நிமிர்த்தி இருத்தி, தலை பின்னால் சாயாமல் நாடியைக் கொஞ்சம் கீழே வைத்து, மசித்த சாப்பாட்டைச் சின்னக் கரண்டியால் ஒவ்வொரு வாயாகக் கொடுக்க வேண்டும். முதல் வாய் இறங்கிய பிறகுதான் அடுத்தது. படுத்திருக்கிற பிள்ளையின் வாயில் ஆசையோடு ஒரு துண்டு கேக்கைத் திணித்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போகும். அங்கேயே புரைக்கேறாவிட்டாலும், உள்ளே போனது நெஞ்சில் தங்கி நிமோனியாவாக வரும். இதை ஒரு பேச்சு சிகிச்சையாளர் பக்கத்தில் இருந்து பழக்காமல் நீயோ மருமகளோ யாருக்கும் ஊட்டக் கூடாது. கையைப் பிடித்து இழுத்துத் தூக்குவதும் அப்படித்தான், தோள்மூட்டு விலகிவிடும்.

தொண்டு செய்ய வருகிற பிள்ளைகள் நல்ல மனதோடுதான் வருகிறார்கள். ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். நீ இருக்கிற நாட்டில் சிறுபிள்ளைகளோடு வேலை செய்யப் போனால், தொண்டாக இருந்தாலும், பொலிஸில் உன் பதிவைப் பார்த்துக் கடிதம் எடுத்துத்தான் உள்ளே விடுவார்கள். இங்கே மட்டும் வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்றால் கேற்றைத் திறந்துவிட்டு, பேசத் தெரியாத பிள்ளையை மடியில் தூக்கி வைக்கலாமா? அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வா. கேட்காத இல்லமாக இருந்தாலும் நீயாகக் கொடு. கேட்காத இல்லத்தைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்கவும் செய்.

இல்லத்தில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் தாய் தகப்பன் இல்லாதவர்கள் என்றும் நினையாதே. வீட்டில் வைத்துப் பார்க்க வழியில்லாமல் கொண்டுவந்து விட்டவர்கள் நிறைய. 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, பிள்ளைகளை இல்லங்களில் சேர்ப்பதைப் படிப்படியாகக் குறைத்துக் குடும்பத்தோடு வாழ வழிசெய்ய வேண்டும் என்று தீர்மானம் எடுத்தது. இல்லங்களுக்குச் சுற்றுலா போலத் தொண்டுக்கு வருவதால் வருகிற தீங்கையும் அதில் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அதைப் படித்துத் தெரிய வேண்டியதில்லை. பாசத்தோடு மூன்று கிழமை ஒட்டியிருந்துவிட்டுப் போகிறவர்களை எங்கள் அலகுப் பிள்ளைகள் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருப்பார்கள். வகுப்பில் பதில் சொல்கிற வேலை என்னுடையது.

சரி, வராதே என்கிறேனா? இல்லை. வா. ஆனால் உனக்குத் தெரிந்த வேலையைச் செய்ய வா.

நீ ரொறன்ரோவில் செய்வது இயந்திரம் திருத்துகிற வேலை. சின்ன வயதில் அப்பாவின் சைக்கிளைக் கழற்றி முற்றம் முழுக்கப் பரப்பி வைத்து அடி வாங்கியவன் நீ. இங்கே போகிற இடமெல்லாம் ஓடாத சக்கர நாற்காலிகள் ஒரு மூலையில் குவிந்து கிடக்கின்றன. கொள்கலனில் வந்த பாவித்த நாற்காலிகள்தான் அதிகம். பெரிய உடம்புக்காரருக்குச் செய்தவை. அதில் எட்டு வயதுப் பிள்ளையை இருத்தினால் ஒரு பக்கம் சரிந்து சரிந்து, காலப்போக்கில் முதுகெலும்பு வளைந்துவிடும். இருக்கை மெத்தை சரியில்லாவிட்டால் புண் வரும். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு உணர்ச்சி இல்லாததால் புண் வந்ததே தெரியாது. முன் சில்லுகள் ஆஸ்பத்திரிச் சீமெந்துத் தரைக்குச் செய்த சின்னச் சில்லுகள். வலிகாமத்துச் செம்மண்ணில் மழை பெய்தால் புதையும், வடமராட்சி மணலில் மழை பெய்யாமலே புதையும். ரயர் வெடித்தால் அந்த அளவு யாழ்ப்பாணத்தில் எந்தக் கடையிலும் கிடையாது. கடற்காற்றுக்குப் பெயறிங் துருப்பிடித்துப் போகும். அப்புறம் என்ன, உடுப்புக் காயப் போடத்தான் அந்த நாற்காலி.

உலக சுகாதார நிறுவனம் 2008 இல் இதற்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. நாற்காலி கொடுப்பதை எட்டுப் படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஆளை இனங்கண்டு அனுப்புவதில் தொடங்கி, உடம்பை அளந்து, உடம்புக்கும் வீட்டுக்கும் ஏற்றதைத் தெரிந்து, செலவுக்கு வழி பார்த்து, நாற்காலியைத் தயார்படுத்தி, இருத்திப் பார்த்துப் பொருத்தி, ஓட்டவும் பராமரிக்கவும் பழக்கி, கடைசியில் தொடர்ந்து போய்ப் பார்த்துத் திருத்திக் கொடுப்பது வரை. நாங்கள் செய்வது இடையில் ஒரு படி மட்டும்: மாலை போட்டு, நாற்காலியைக் கொடுத்து, படம் எடுப்பது.

அதனால் என் யோசனை இது. அளப்பதும் பொருத்துவதும் இயன்மருத்துவரின், அதுதான் பிசியோதெரபிஸ்டின் வேலை, அதில் கை வைக்காதே. திருத்துவது உன் வேலை. எங்கள் சந்தியில் சைக்கிள் கடை வைத்திருக்கிறவரோடு கதைத்துவிட்டேன். இங்கே கிடைக்கிற சைக்கிள் ரயரும் ரியூப்பும் போகிற மாதிரிச் சில்லை மாற்றலாமா என்று அவரும் யோசிக்கிறார். நீ வந்து அவரோடு சேர்ந்து மூன்று கிழமையும் அதையே செய். நீ போன பிறகும் அவர் இங்கே இருப்பார். கிரீஸ் பூசிய கையோடு நிற்கிற உன் படத்தை முகநூலில் போட்டால் நானும் பார்த்துச் சந்தோஷப்படுவேன்.

இதைச் சின்ன வேலை என்று நினைக்காதே. ஜெய்ப்பூர் கால் என்று கேள்விப்பட்டிருப்பாய். 1968 இல் ஜெய்ப்பூரில் மருத்துவர் சேத்தியும் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் சேர்ந்து உருவாக்கியது. அந்தக் காலத்து மேல்நாட்டுச் செயற்கைக் காலோடு சப்பாத்து இல்லாமல் நடக்க ஏலாது, சப்பாணி கட்டியிருக்க ஏலாது, வயலுக்குள் இறங்க ஏலாது. இந்த ரப்பர்ப் பாதத்தோடு எல்லாம் முடியும். எங்கள் யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிறுவனமும் 1987 இல் தொடங்கி, அந்தப் பெயரிலேயே இத்தனை போருக்குள்ளும் கால் செய்து கொடுத்து வந்தது. வரும்போது அங்கே ஒரு நாள் போய் வேலை செய்கிறவர்களைப் பார். பிள்ளைகளுக்குக் கால் ஒருமுறை போட்டால் முடிகிற காரியமில்லை என்பதை அங்கே கேட்டால் சொல்வார்கள். வளர்கிற பிள்ளைக்குப் போட்ட கால் அடிக்கடி அளவு காணாமல் போகும், அளவெடுத்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சில பிள்ளைகளுக்கு வெட்டிய இடத்து எலும்பு தோலை முட்டிக்கொண்டு வளர்ந்து, திரும்பவும் சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வரும்.

இனி அந்த நாற்பது டொலர். ஒரு பிள்ளையைத் தெரிவுசெய்து தூரத்திலிருந்து பொறுப்பெடுக்கிற முறை புதிதல்ல. 1937 இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்காகத் தொடங்கியதுதான் இன்று பிளான் என்ற பெயரில் இருக்கிற உதவி நிறுவனம். அந்த முறையால் பலனே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆறு நாடுகளில், இதே முறையில் நடக்கிற கொம்பாஷன் என்ற நிறுவனத்தின் உதவி பெற்ற பிள்ளைகளைப் பற்றி 2013 இல் வெளிவந்த ஆய்வில், அவர்கள் ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை ஆண்டு கூடுதலாகப் படித்திருந்தார்கள். ஆனால் ஒரே வகுப்பில், ஒரே மேசையில், ஒரு பிள்ளைக்குக் கனடாவிலிருந்து கடிதமும் பரிசும் வந்து, பக்கத்துப் பிள்ளைக்கு ஒன்றும் வராமல் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். முகம் வடிவாக இருக்கிற, சிரிக்கத் தெரிந்த பிள்ளையைத்தான் எல்லோரும் தெரிவுசெய்வார்கள். வாயில் எச்சில் வடிகிற பிள்ளையின் படத்தை யாரும் கேட்பதில்லை. அதனால் பிள்ளையைத் தெரிவுசெய்யாதே. செலவைத் தெரிவுசெய்.

எது செலவு என்று கேட்பாய். ஓட்டோக்காசு. சட்டப்படி ஐந்து வயதிலிருந்து பதினாறு வரை எல்லாப் பிள்ளைகளும் படிக்க வேண்டும், படிப்பும் இலவசம். ஆனால் நடக்க ஏலாத பிள்ளையை அலகு உள்ள பாடசாலைக்குத் தினமும் கொண்டு போவது யார்? தாய் சுமந்துகொண்டு போவாள், பிள்ளைக்கு எட்டு ஒன்பது வயது வரும்வரை. பிறகு பாரம் தாங்காது, படிப்பு நின்றுவிடும். 2022 இல் பெற்றோல் இல்லாமல் போனபோது ஓட்டோவில் வந்த பிள்ளைகள்தான் முதலில் நின்றார்கள், சிலர் திரும்பி வரவே இல்லை. நெடுந்தீவில் இருக்கிற தாயை நினைத்துப் பார். குறிகட்டுவானுக்குப் படகு, அங்கிருந்து பஸ், பிறகு போதனா வைத்தியசாலையில் வரிசை. ஒரு தரம் இயன்மருத்துவரிடம் காட்ட ஒரு முழு நாளும் ஒரு நாள் கூலியும் போய்விடும். அரசு கொடுக்கிற மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு 2025 இல் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ஆனது. அது பம்பேர்ஸுக்கும் மாவுக்குமே சரி.

மூன்று குடும்பத்தின் காசையும் ஒன்றாகப் போட்டு, ஒரு அலகுப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஓட்டோ ஒழுங்கு செய்யலாம். அல்லது வீடு வீடாகப் போகிற ஒரு இயன்மருத்துவருக்குச் சம்பளம் கொடுக்கலாம். எதுவானாலும் ஐந்து வருடத்துக்கு நிறுத்த மாட்டோம் என்று மூன்று பேரும் இருந்து கதைத்து முடிவெடுத்துவிட்டுத் தொடங்குங்கள். தொடங்கி ஒரு வருடத்தில் விடுவதென்றால் இப்போதே விட்டுவிடுங்கள்.

இந்தப் பிள்ளைகளுக்காக இங்கே ஏற்கெனவே ஆட்கள் வேலை செய்கிறார்கள் என்பதையும் மறக்காதே. கைதடி நவீல்ட் பாடசாலை இருக்கிறது, சுன்னாகத்தில் வாழ்வகம் இருக்கிறது, கோண்டாவிலில் சிவபூமிப் பாடசாலை இருக்கிறது. புதுப் பெயரில் புது அமைப்புத் தொடங்குகிற எண்ணம் உன் கூட்டாளிகளுக்கு இருந்தால் நிறுத்திவிடு. முதலில் போய் என்ன இல்லை என்று கேளுங்கள். அவர்கள் சொல்கிற பதில் உங்களுக்குச் சப்பென்று இருக்கும்: பற்றரி, மருந்து, கணக்கு எழுத ஒரு ஆள். மருமகள் கணக்காளர்தானே? அவள் அங்கிருந்தே செய்யலாம், ஓகஸ்ட் வரை காத்திருக்கவும் தேவையில்லை.

பேரப்பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வா. தொண்டுக்காக இல்லை. எங்கள் அலகில் பின்னேரம் விளையாட்டு நடக்கும், போய் விளையாடட்டும். தோற்றால் தோற்கட்டும். பெரியவன் கரம் நன்றாக விளையாடுவான் என்றாய், அங்கே ஒரு பெட்டை இருக்கிறாள், அவனை ஒரு கை பார்ப்பாள்.

கொண்டு வர வேண்டியவை: காதுக் கருவிக்குப் போடுகிற 13, 675 ஆம் இலக்கப் பற்றரிகள், திகதி கிட்டடியில் முடியாதவையாகப் பார்த்து வாங்கு. ஒட்டியிருக்கிற ஸ்ரிக்கரை உரிக்காதே, உரித்தால் பாவிக்காமலே இறங்கிவிடும். உன் ஸ்பனர் செட், பெயறிங் கழற்றுகிற கருவி. சொக்லேட் வேண்டாம். அப்பாவுக்குச் சீனி கூடிவிட்டது, அவருக்கென்று ஒளித்துக் கொண்டு வராதே, நான் பெட்டியைப் பார்ப்பேன். ரிக்கெற் போடுவதற்கு முன் எனக்குத் திகதியைச் சொல், சைக்கிள் கடைக்காரர் நல்லூர்த் திருவிழா நாட்களில் கடையை நேரத்தோடு பூட்டிவிடுவார்.

அன்புடன்,
அம்மா