2147483647 பற்றி அம்மா எழுதுவது

அன்புள்ள முகிலனுக்கு,

ரசீது எண் 2147483647-ஐத் தொட்டதும் உங்கள் புரோகிராம் நின்றுபோனது என்று சொல்லி, “சனியன் பிடித்த நம்பர்” என்று போனில் திட்டினாய். கணினி அந்த எண்ணுக்கு ஒதுக்கிய 32 பிட்டில் (0 அல்லது 1 எழுதும் இடங்கள்) ஒரு பிட் கூட்டல்-கழித்தல் குறிக்குப் போக, மீதி 31 பிட்டில் அதற்கு மேல் எழுத இடமில்லை, சரி. ஆனால் எனக்கு அந்த எண்ணை வேறு வழியில் பழக்கம். 31 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் எண் அது. ஒரு பகா எண்.

மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1644-இல் இப்படி வரும் பகா எண்களின் பட்டியலில் இதையும் சேர்த்தார். அதே பட்டியலில் 67 இரண்டுகளையும் 257 இரண்டுகளையும் பெருக்கி ஒன்றைக் கழித்து வரும் எண்களைச் சேர்த்தது தப்பு, அதனால் அவர் சொன்னதை மட்டும் நம்ப முடியாது. நிரூபித்தவர் ஆய்லர் என்ற கணித மேதை. கண் பார்வை ஏறக்குறைய போய்விட்ட நிலையில், 1772-இல், பெர்னூலி என்ற கணித அறிஞருக்கு எழுதிய கடிதத்தில்.

எப்படி என்று கேள். இதன் வர்க்கமூலம் 46340-ஐச் சற்றுத் தாண்டும். அதற்குள் பகா எண்கள் நாலாயிரத்துக்கும் மேல். எல்லாவற்றாலும் வகுத்துக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். ப என்ற பகா எண் இதை மீதியின்றி வகுக்கிறது என்று வை. 2-இன் அடுக்குகளை ப-ஆல் வகுத்தால் வரும் மீதிகள் 31 படிக்கு ஒருமுறை திரும்ப வரும். ஃபெர்மா என்ற கணித அறிஞர் சொன்னபடி ப−1 ஆவது படியிலும் மீதி 1. ஆக ப−1 என்பது 31-இன் மடங்கு. ப ஒற்றைப்படை என்பதால் 62-இன் மடங்கு. இன்னொரு விதியின்படி ப-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7தான். இரண்டையும் சேர்த்துப் பார், 248-ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63 வரும் பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும். நூறுகூட இல்லை! இந்த வடிகட்டல்தான் எனக்கு அழகு, விடை அப்புறம்.

1811-இல் பார்லோ என்ற ஆங்கிலேயர், இந்த எண்ணிலிருந்து கிடைக்கும் 2305843008139952128 என்ற நிறைவெண்ணைவிட (தன்னைத் தவிர்த்த வகுஎண்களைக் கூட்டினால் தானே வரும் எண்) பெரிய நிறைவெண்ணை யாரும் தேடப் போவதில்லை, இதெல்லாம் பயனில்லாத வேடிக்கை என்று எழுதினார். 1876-இலேயே லூக்கா என்ற கணித அறிஞர் இதே வகையில் ஒரு 39 இலக்கப் பகா எண்ணை நிரூபித்துவிட்டார், அதிலிருந்து அதைவிடப் பெரிய நிறைவெண் தானாகவே கிடைத்துவிட்டது. பயன் விஷயத்திலும் பார்லோ சொன்னது பலிக்கவில்லை. ஓர் எண்ணை 16807-ஆல் பெருக்கி, 2147483647-ஆல் வகுத்து, மீதியை எடுத்து மறுபடி பெருக்கிக்கொண்டே போனால், 1 முதல் 2147483646 வரையுள்ள எண்கள் எல்லாம் ஒருமுறை வந்த பிறகுதான் முதல் எண் திரும்பும். கணினியில் குலுக்கல் எண்கள் எடுக்க வெகுகாலம் இதைத்தான் வைத்திருந்தார்கள். அது பகா எண்ணாக இருப்பதால்தான் இது நடக்கிறது. உங்கள் ரசீது நின்றதற்கும் பகா எண்ணுக்கும் சம்பந்தமில்லை, அது வெறும் இடப் பற்றாக்குறை.

ஆய்லரின் வரிசையில் முதலில் வருவது 311. வகுத்துப் பார்த்தேன், மீதி 35. அடுத்தது 1303. அதை நீ போட்டுவிட்டுச் சொல், தாளில், பேனாவால்.

அன்புடன்,
அம்மா