படம் தெளிவாக இல்லாததற்கான விளக்கம்

மதிப்பிற்குரிய கல்வி அலுவலர் ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் பள்ளியிலிருந்து சென்ற செவ்வாய்க்கிழமை அனுப்பிய வகுப்பறைப் படம் தெளிவாக இல்லை, மீண்டும் எடுத்துப் பதிவேற்றி விளக்கமும் தர வேண்டும் என்று தங்கள் அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. விளக்கம் இதுதான்: வகுப்பறையில் விளக்கு இல்லை.

தாங்கள் அறியாதது அல்ல. ஐப்பசி மழையில் கூரை ஒழுகி சுவிட்ச் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியது. சுவரில் சாய்ந்த பிள்ளை கையை உதறிக்கொண்டு ஓடி வந்தாள். அன்றே மெயினை இறக்கிவிட்டோம். மூன்று கடிதங்கள் எழுதியாயிற்று. தங்களைக் கேட்டால் ஊராட்சி ஒன்றியத்தைக் கேட்கச் சொல்கிறீர்கள். அங்கே கேட்டால் மதிப்பீடு போட வேண்டும் என்கிறார்கள். கட்டடம் ஒன்றியத்துடையது, பிள்ளைகள் துறையைச் சேர்ந்தவர்கள், இருட்டு மட்டும் எங்களுடையது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பகல் பதினொரு மணிக்கு விளக்கு எதற்கு என்று சேலத்தில் இருப்பவர்களுக்குத் தோன்றலாம். கார்த்திகையில் ஒரு நாள் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து பாருங்கள். காப்பித் தோட்டத்திலிருந்து எழும் மூடுபனி சன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். சன்னலைச் சாத்தினால் இருட்டு, திறந்தால் குளிர். கரும்பலகை ஈரம் கோத்து, சாக்பீஸ் எழுதாமல் வழுக்குகிறது. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் பலகையில் இருந்த 86-ஐ 36 என்று எழுதிக்கொண்டு, 36-க்கு உரிய விடையைப் பிழையில்லாமல் போட்டிருந்தான். தவறு என்று கோடு போட எனக்குக் கை வரவில்லை. இப்போது ஒவ்வொருவராக எழுந்து வந்து, மூக்கு பலகையில் படுமளவு நெருங்கிப் படித்துவிட்டு, மறப்பதற்குள் இடத்துக்கு ஓடிப் போய் எழுதுகிறார்கள். மாலையில் வீட்டுக்குப் போகும்போது பாதிப் பேருக்கு மூக்கு நுனி வெள்ளை.

தாங்கள் திருப்பி அனுப்பிய படம், சக ஆசிரியர் கைப்பேசி டார்ச்சைப் பலகை மேல் அடிக்க நான் எடுத்தது. அதை அனுப்புவதற்குச் சிக்னல் தேடி, சில்வர் ஓக் மரங்களைத் தாண்டியிருக்கும் பாறைக்குப் போய் வந்தேன். அந்த முக்கால் மணி நேரம் ஐந்து வகுப்புகளும் 34 பிள்ளைகளும் அவர் ஒருவர் பொறுப்பில். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்பது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. ஆகவே எங்களுக்கு ஆள் பற்றாக்குறை கிடையாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் இவை தவிர்த்த வெளிவேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 27-ஆவது பிரிவு. பாறை ஏறுவது இந்த மூன்றில் எதில் சேரும் என்று தெரிவித்தால் நல்லது.

என் தங்கை மகள் ‘அபாட் எலிமென்டரி’ என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரைக் காட்டினாள். ஃபிலடெல்ஃபியாவில் பணமில்லாத ஓர் அரசுப் பள்ளி. தாழ்வாரத்தில் விட்டு விட்டு எரியும் விளக்கைத் தானே சரிசெய்யப் போகிறாள் ஜனீன் என்ற ஆசிரியை. உள்ள மின்சாரமும் போய்விடுகிறது. தங்கை மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். விட்டு விட்டாவது எரிகிறதே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2024-25-இல் வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்ததைப் பற்றி நானும் படித்தேன். அதில் நியாயம் நம் பக்கம்தான். ஆனால் ஐயா, நான் கேட்பது புது ஒயரும் இரண்டு டியூப்லைட்டும். அதற்கும் டெல்லியைக் கைகாட்டினால் எப்படி?

கோபத்தில் ஏதேனும் அதிகமாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். வகுப்பறைக்கு விளக்குப் போட்டுக் கொடுங்கள். தெளிவான படம் அன்றே வரும். எலக்ட்ரீஷியனை அனுப்புவதாக இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பள்ளியில் ஏணி இல்லை, எஸ்டேட்டில் கேட்டு வாங்கி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
சேர்வராயன் மலையிலிருந்து ஓர் இடைநிலை ஆசிரியை