சன்னல் சிறுத்த கார்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சென்ற இதழில், வலுவான இன்ஜின் கொண்ட இரு கதவுக் கார்களான அமெரிக்க மஸில் கார்களைப் பற்றி வந்த கட்டுரையில், செவ்ரோலே நிறுவனத்தின் ஆறாம் தலைமுறை கமாரோவின் படத்துக்குக் கீழே, "1960களின் அழகு சிறிதும் குறையாமல் மீண்டு வந்திருக்கிறது" என்று ஒரு வரி அச்சாகியிருந்தது. அந்த வரியைக் கடந்துபோக என்னால் இயலவில்லை. இதழ் கைக்கு வந்ததும் வாகனப் பக்கங்களையே முதலில் புரட்டும் பழைய வாசகன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

1967 மாடலாக வந்த முதல் கமாரோவின் ஹார்ட்டாப் வகையில், கதவுக்குப் பின்னால் கூரையைத் தாங்கும் நடுத்தூணே கிடையாது என்பது தாங்கள் அறியாததன்று. கண்ணாடிகளை இறக்கிவிட்டால் முன்கண்ணாடி தொடங்கிப் பின்னிருக்கை வரை பக்கம் முழுவதும் திறந்துகொள்ளும். நீண்ட பானெட், குட்டையான பின்பகுதி, அவற்றின் மேல் மெலிந்த தூண்கள் தாங்கும் இலேசான கூரை ஆகிய மூன்றும் சேர்ந்ததே அந்த அழகு. புதிய கமாரோவில் முகமும் பின்பக்கத்துத் திரட்சியும் திரும்பி வந்தன, கண்ணாடி வரவில்லை. இடுப்பளவில் நிற்க வேண்டிய தகடு தோள்வரை ஏறி, சன்னல் ஒரு கீற்றாகச் சுருங்கிவிட்டது. இதை அழகு குறையாத மீட்சி என்று எழுதியவர் அந்த வண்டிக்குள் ஒருமுறையேனும் உட்கார்ந்திருப்பாரா என்று வருத்தத்தோடு கேட்கிறேன்.

நான் மிச்சிகனில், ஒவ்வோர் ஆகஸ்டிலும் பழைய கார்கள் அணிவகுக்கும் வுட்வர்ட் அவென்யூவுக்கு அருகில் வசிக்கிறேன். அண்டை வீட்டுப் பெரியவர் தம்முடைய 1960களின் காரில் என்னை உட்காரவைத்து அத்தெருவில் அழைத்துச் சென்றிருக்கிறார். வண்டியின் நான்கு மூலைகளும் இருக்கையிலிருந்தே கண்ணுக்குத் தெரிந்தன. பின்னர் ஒரு நீண்ட பயணத்துக்காகப் புதுரக மஸில் கார் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். கிளைச்சாலையிலிருந்து நெடுஞ்சாலையில் சேரும் இடத்தில் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தால், தூணையும் இருக்கையின் தலைத்தாங்கியையும் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அருகே வந்த லாரியை நான் கண்டுகொண்டது அதன் ஹார்ன் ஒலியால்தான். உடன் வந்த என் மகள் பின்னிருக்கையில் சுவரைப் பார்த்தபடியே பயணம் செய்தாள்.

பாதுகாப்புச் சட்டங்களே இதற்குக் காரணம் என்று சொல்லப்படுவதை நான் அறிவேன்; அதில் உண்மையும் உண்டு. வண்டியின் எடையைப்போல் 1.5 மடங்கு பாரத்தைக் கூரை தாங்கினால் போதும் என்றிருந்த அமெரிக்க விதி, 2009இல் 3 மடங்காக உயர்த்தப்பட்டது. தூண்கள் தடித்ததை அதன்பின் எவரும் குறைகூற முடியாது. உயிர் காக்கும் விதியை நான் எதிர்க்கவும் மாட்டேன். ஆனால் முதல் கமாரோவின் 14 அங்குலச் சக்கரம் புதிய எஸ்.எஸ். வகையில் 20 அங்குலமானதற்கு எந்தச் சட்டமும் காரணமன்று. அத்தனை பெரிய சக்கரத்துக்கு ஈடாகப் பக்கத் தகட்டை உயர்த்தியதும், அதற்கு மேலே கூரையைத் தாழ்த்தியதும் வடிவமைப்பாளர்கள் தாமே செய்த முடிவுகள். அதே சட்டத்துக்கு உட்பட்ட ஃபோர்டு மஸ்டாங்கில் வெளியே பார்க்க முடிகிறதே!

டாட்ஜ் நிறுவனத்தின் சேலஞ்சரைப் பற்றியும் கட்டுரை இரண்டே வரிகளில் பேசி முடித்துவிட்டது. 2006 டெட்ராய்ட் கண்காட்சியில் கமாரோ, சேலஞ்சர் இரண்டின் மாதிரி வடிவங்களும் ஒன்றாகக் காட்டப்பட்டன. நடுத்தூணில்லாமல் காட்டப்பட்ட சேலஞ்சர், விற்பனைக்கு வந்தபோது தூணோடு வந்தது. நான்கு கதவுக் காரின் அடித்தளத்தைக் குறுக்கிக் கட்டியதால் உடலும் பருத்திருந்தது. எனினும் 1970ஆம் ஆண்டுச் சேலஞ்சரின் அளவொழுங்கு அதில் குலையவில்லை. 2008இல் வந்த அந்த வடிவம் பெரிய மாற்றமின்றி 2023 டிசம்பர் வரை தயாரிப்பில் இருந்தது. 2021இல் மஸ்டாங்கைவிட அதிகமாகவும் விற்றது. கமாரோவோ மூன்றாம் இடத்துக்குப் பின்தங்கி, 2024 மாடலோடு நிறுத்தப்பட்டது. மின்சார வண்டிகள் வந்ததால்தான் மஸில் கார்களின் காலம் முடிந்தது என்ற கட்டுரையின் முடிவை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

மின்சார வண்டிகளுக்கு நான் எதிரியல்லன். ஆனால் பெருந்திறன் கொண்ட ஹெல்கேட் வகைச் சேலஞ்சரே ஏறத்தாழ 2,000 கிலோ இருந்த நிலையில், அதன் இடத்துக்கு வந்த மின்சார சார்ஜர் டேட்டோனா 2,600 கிலோவையும் தாண்டுகிறது. ஆறு சிலிண்டர் கொண்ட முதல் மஸ்டாங் 1,200 கிலோகூட இல்லை. இந்த எடையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமல், செயற்கையாக எழுப்பப்படும் உறுமலுக்கு ஒரு பத்தி ஒதுக்கியது எனக்குப் புரியவில்லை. 2024 மஸ்டாங்கில் உண்மையான முள் காட்டிகள் அகன்று, பழைய காட்டிகளின் படம் திரையில் தோன்றுவதைப் 'பாரம்பரியம்' என்று பாராட்டியதும் அவ்வாறே.

குதிரைத்திறன் கணக்கைப் பற்றி முன்பே ஒரு கடிதம் அனுப்பியிருந்தேன், இடமின்மையால் விடுபட்டிருக்கக்கூடும். 1971 வரை அமெரிக்க நிறுவனங்கள் பெரும்பாலும் காற்று வடிகட்டி, சைலன்சர் போன்றவை இல்லாமல் சோதனை மேடையில் அளந்த மொத்தத் திறனையே விளம்பரப்படுத்தின. 1972 முதல், வண்டியில் இருக்கும் நிலையில் அளந்த நிகரத் திறன் வழக்கமாயிற்று. 1971 கமாரோ இசட்28இன் ஒரே இன்ஜினுக்கு மொத்தத் திறன் 330 என்றும் நிகரத் திறன் 275 என்றும் இரண்டு கணக்குகள் தரப்பட்டன. இதைச் சொல்லாமல் 1970இன் ஹெமி இன்ஜினுக்குச் சொல்லப்பட்ட 425 குதிரைத்திறனை இன்றைய இன்ஜின்களின் அருகே அட்டவணையில் வைப்பது, தங்களை நம்பிப் படிக்கும் இளைஞர்களுக்குச் செய்யும் நியாயமன்று.

இனி வரும் அட்டவணைகளில் திறன் மொத்தமா நிகரமா என்பதையும், வண்டியின் எடையையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன். அந்தப் பட விளக்கத்துக்கு அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தமும் வந்தால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ட்ராய், மிச்சிகன்.