நிற்காத நடுக்கம்

அன்புள்ள முரளி,

போனில் சொன்னால் பதற்றத்தில் பாதி உன் காதில் விழாது. அதனால் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். பேத்தியின் வலது கை ஒரே தாளத்தில் வெட்டி வெட்டி இழுக்கிறது. நீ பிடித்த பிறகும் உன் விரல்களுக்குள் துடிக்கிறது. பச்சிளங்குழந்தைப் பிரிவில் நர்சாக இருந்த காலமெல்லாம் நான் முதலில் பார்த்தது இதைத்தான். வெறும் நடுக்கம் என்றால் பிடித்ததும் அடங்கும். பிடித்தும் அடங்காமல், அதுவும் ஒரே பக்கமாக வந்தால் வலிப்பாக இருக்கலாம். பிறந்த முதல் 72 மணி நேரத்துக்குள் இப்படி வந்தால் பக்கவாதமா, அதாவது மூளையில் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும்.

"பிறந்த குழந்தைக்குப் பக்கவாதமா?" என்று உன் மாமனார் கோபித்துக்கொண்டாராம். கோபிக்கட்டும். சில ஆயிரம் பிறப்புகளில் ஒன்றில் வரத்தான் செய்கிறது. பெரியவர்களைப் போல வாய் கோணாது, அவ்வளவுதான். சில குழந்தைகள் பால் குடிக்காமல் துவண்டு கிடக்கும். சிலவற்றுக்கு மூச்சு விட்டுவிட்டு வரும்.

உச்சிக்குழி வழியாக எடுத்த ஸ்கேன் சரியாக இருக்கும்போது எம்.ஆர்.ஐ. எதற்கு என்று கேட்டிருந்தாய். அந்த ஸ்கேன் மூளையின் நடுவே கசிந்த ரத்தத்தை நன்றாகக் காட்டும். ரத்தக்குழாய் அடைத்ததால் வந்த சேதம், அதுவும் மூளையின் ஓரத்தில் இருந்தால், முதல் நாட்களில் அதற்குத் தப்பிவிடும். எம்.ஆர்.ஐ.யில் நீரின் அசைவைப் படமாக்கும் முறை ஒன்று உண்டு. அடைபட்ட இடம் அதில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். ஒரு வாரம் போனால் அந்த வெள்ளை மங்கத் தொடங்கும். ஆகவே தள்ளிப்போடாதே. மயக்க மருந்தை நினைத்தும் பயப்படாதே. வயிறு நிறையப் பாலூட்டி, துணியில் சுற்றி, காதை மூடிவிட்டால் பெரும்பாலும் தூக்கத்திலேயே எடுத்துவிடுவார்கள்.

மருந்து கொடுத்ததும் கை அடங்கியது என்கிறாய். கை அடங்கிய பிறகும் மூளைக்குள் வலிப்பு ஓடலாம். அதைக் காட்டுவது மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. சோதனை. அதை எடுத்தார்களா என்று கேள்.

மருமகளிடம் ஒன்று சொல். நஞ்சுக்கொடியிலிருந்து வந்த ரத்தக்கட்டி, இதயக் கோளாறு, தொற்று என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பல நேரம் காரணமே தெரியாது. அவள் செய்ததாலோ சாப்பிட்டதாலோ வந்ததில்லை. அப்படி யாராவது ஆரம்பித்தால் என்னிடம் பேசச் சொல்.

பக்கவாதம் என்று உறுதியானால், கை கால் பயிற்சியைச் சீக்கிரமே தொடங்கச் சொல்வார்கள், மறுக்காதே. ஒரு வயதுக்குள் ஒரு கையை மட்டுமே நீட்டினால், இடதுகைப் பழக்கம் என்று கொஞ்சிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
அம்மா