ஆண்டறிக்கை 2024–25: பணிப்பதிவேட்டில் விடுபட்ட பதக்கங்களைச் சேர்க்கும் பணி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுப் பெருமக்களே, முன்னாள் படைவீரத் தோழர்களே, மறைந்த தோழர்களின் துணைவியரே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய நமது கிருஷ்ணகிரி வட்டாரச் சங்கம் ஆற்றிய பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாதாந்திரக் கூட்டங்கள் தடையின்றி நடைபெற்றன. டிசம்பர் 7 கொடிநாள் நிதி வசூலில் நம் உறுப்பினர்கள் வழக்கம்போல் பங்கேற்றனர். இவ்வாண்டு நம்மை விட்டுப் பிரிந்த தோழர்களின் இல்லங்களுக்குச் சங்கத்தின் சார்பில் நேரில் சென்று அஞ்சலி செலுத்தினோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். ஆகவே, சென்ற பொதுக்குழு நம்மிடம் ஒப்படைத்த முதன்மைப் பணியான, பணிப்பதிவேடுகளில் விடுபட்டுப்போன பதக்கங்களைச் சேர்க்கும் முயற்சியைப் பற்றி மட்டுமே இவ்வறிக்கையில் விரிவாகக் கூற அனுமதி கோருகிறேன்.

1965 இந்திய–பாகிஸ்தான் போர் நடந்து இவ்வாண்டுடன் 60 ஆண்டுகள் நிறைகின்றன. அப்போது 18 வயதுச் சிப்பாயாக இருந்தவருக்கு இன்று 78 வயது. 1971-இல் அதே வயதில் எல்லையில் நின்றவரும் 70-ஐக் கடந்துவிட்டார். ஒருவர் எந்த யூனிட்டில், எந்த முனையில் இருந்தார் என்பதை உடன் இருந்து பார்த்தவர்கள் ஆண்டுக்காண்டு குறைந்து வருகிறார்கள். இந்தப் பணியைத் தள்ளிப்போட முடியாது என்று செயற்குழு கருதியதற்கு இதுவே காரணம்.

நாம் தேடிய பதக்கங்கள் எவை என்பதில் உறுப்பினர்களிடையே குழப்பம் நிலவியதால், அதைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். 1965 போருக்கு உரியவை சமர் சேவா ஸ்டாரும் ரக்ஷா மெடலும் ஆகும். 1971 போரில் கிழக்கு முனைக்குப் பூர்வி ஸ்டாரும், மேற்கு முனைக்குப் பஸ்சிமி ஸ்டாரும், போர்க்காலத்தை ஒட்டிக் குறிப்பிட்ட மாநிலங்களில் பணியிலிருந்தவர்களுக்குச் சங்கிராம் மெடலும் வழங்கப்பட்டன. எல்லைப்புறத்திலும் மலைப்பகுதிகளிலும் ஆற்றிய பணிக்குச் சைன்ய சேவா மெடல் உண்டு. 9 ஆண்டு, 20 ஆண்டு நீண்டகாலப் பணி மெடல்கள் இருக்கின்றன. 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியிலிருந்தவர்களுக்குச் சுதந்திர வெள்ளிவிழா மெடலும், 1997 ஆகஸ்ட் 15 அன்று பணியிலிருந்தவர்களுக்குப் பொன்விழா மெடலும் உரியவை. இவற்றுள் எதற்கும் மேலதிகாரியின் பரிந்துரையோ தனியான தேர்வோ கிடையாது. குறித்த காலத்தில் குறித்த இடத்தில் விதிப்படி பணியிலிருந்த ஒவ்வொருவருக்கும் அவை உரிமைப்படி சேர வேண்டியவை. ஆகவே இவற்றைக் கேட்டு விண்ணப்பிக்கும் தோழர் யாரிடமும் சலுகை கேட்கவில்லை என்பதை நாம் ஒவ்வொருவரும் மனத்தில் கொள்ள வேண்டும். தயங்கித் தயங்கி வந்து, "இனிமேல் எதற்குங்க ஐயா, இத்தனை வருடம் ஆகிவிட்டதே" என்று சொன்ன மூத்தவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொன்னதும் இதைத்தான்.

உரியவை எப்படி விடுபட்டன என்பதையும் ஆராய்ந்தோம். போர்ப் பதக்கங்கள் போர் நடந்துகொண்டிருக்கும்போது ஏற்படுத்தப்படுவதில்லை. அறிவிப்பு வெளிவந்து, யூனிட்டுகள் பெயர்ப்பட்டியல் தயாரிக்கும் நேரத்தில் பலர் வேறு யூனிட்டுக்கு மாற்றப்பட்டிருந்தார்கள். சிலர் மருத்துவமனையில் இருந்தார்கள். சிலர் பணிக்காலம் முடிந்து ஊருக்கே திரும்பிவிட்டார்கள். ஒரு படைப்பிரிவைச் சேர்ந்த டிரைவரோ, சமையற்காரரோ, மருத்துவ உதவியாளரோ இன்னொரு பட்டாலியனுடன் அட்டாச்மென்டில், அதாவது தற்காலிக இணைப்பில், அனுப்பப்பட்டிருந்தால், சொந்த யூனிட் அவரைப் போர்முனைப் பட்டியலில் எழுதவில்லை, போன இடத்து யூனிட்டும் தன் ஆளாகக் கருதி எழுதவில்லை. யூனிட் வெளியிடும் பணி விவர அறிவிப்பான பார்ட் டூ ஆர்டரில் வெளிவராத எதுவும், ஒருவரின் முழுப் பணிப்பதிவேடான ஷீட் ரோலில் ஏறாது. ஷீட் ரோலில் ஏறாதது, பணியிலிருந்து விடுவிக்கும்போது கையில் தரப்படும் டிஸ்சார்ஜ் புத்தகத்துக்கு வராது. ஒரு கிளார்க்கின் மேசையில் விடுபட்ட ஒரு வரி ஒரு மனிதரின் வாழ்நாள் முழுவதும் விடுபட்டே இருந்துவிடுகிறது.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. 1965 அக்டோபர் 2 அன்று தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து பிரிந்தது. இதனால் 1964-இல் படையில் சேர்ந்த ஊத்தங்கரைக்காரரின் பதிவேட்டில் சேலம் மாவட்டம் என்றும், ஓய்வூதிய ஆணையில் தருமபுரி என்றும், ஆதார் அட்டையில் கிருஷ்ணகிரி என்றும் இருக்கிறது. வட்டங்களும் இடையிடையே பிரிக்கப்பட்டுள்ளன. தொலைவில் இருந்துகொண்டு காகிதங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் ஓர் எழுத்தருக்கு இம்மூவரும் வெவ்வேறு ஆட்களாகத் தோன்றினால் வியப்பில்லை. ஒசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதித் தோழர்களுக்குப் பெயரிலும் இதே நிலை. வீட்டில் முனியப்பா, ஆள்சேர்ப்பு முகாமில் முனியப்பன், ஸ்பார்ஷ் எனும் ஓய்வூதிய இணையதளத்தில் தந்தை பெயர் முன்னே வந்து வேறொரு பெயர். எனவே பதக்கம் கேட்டு எழுதுவதற்கு முன்பாகவே, மூன்று பெயர்களும் மூன்று முகவரிகளும் ஒரே மனிதரைக் குறிக்கின்றன என்பதற்கு நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரமும், வட்டாட்சியர் அலுவலகச் சான்றும் பெற்று இணைப்பதை இவ்வாண்டு முதல் நடைமுறையாக்கினோம். இதைச் செய்த பிறகு, ஆள் அடையாளம் பற்றிய கேள்வியுடன் திரும்பி வரும் விண்ணப்பங்கள் வெகுவாகக் குறைந்தன.

இவ்வாண்டு நிறைவாக முடிந்த விண்ணப்பங்களில் ஒன்றை மட்டும் எடுத்துரைக்கிறேன். பர்கூர்ப் பகுதியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவரின் டிஸ்சார்ஜ் புத்தகத்தில், பதக்கங்கள் என்ற கட்டத்தில் சிவப்பு மையால் 'இல்லை' என்று எழுதப்பட்டிருந்தது. ஆனால் சங்கிராம் மெடல் அவர் வீட்டில் இருந்தது. அதை அணிந்து விழாவுக்குச் சென்றபோது, புத்தகத்தில் இல்லாததை எப்படி அணிகிறீர்கள் என்று ஒருவர் கேட்டுவிட்டார் என்பதற்காக, பல ஆண்டுகளாக அவர் அதை வெளியே எடுக்கவே இல்லை. சங்க அலுவலகத்தில் அந்த மெடலை வெள்ளைத் துணியால் துடைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்து விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். கறுத்துப்போன உலோகத்தில் அவருடைய பணி எண், அன்றைய பதவி, பெயர், படைப்பிரிவு ஆகிய நான்கும் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருந்தன. நமது இராணுவப் பதக்கங்களில் பெறுபவரின் விவரம் பொறிக்கப்படும் வழக்கத்தைப் பலர் மறந்துவிட்டார்கள். அந்த விளிம்பை அருகில் வைத்துப் படமெடுத்து, டிஸ்சார்ஜ் புத்தகத்தின் முதல் பக்கத்துப் பணி எண்ணோடு அருகருகே அச்சிட்டு அனுப்பினோம். படைப்பிரிவின் பணிப்பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் அலுவலகம் சரிபார்த்துப் பதிவேட்டைத் திருத்தியது; டிஸ்சார்ஜ் புத்தகத்திலும் பதக்கத்தின் பெயர் எழுதப்பட்டு, முத்திரையும் அதிகாரியின் கையொப்பமும் இடப்பட்டன. சென்ற குடியரசு நாளன்று அவர் அந்த மெடலை அணிந்து வந்திருந்ததை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

இதற்கு நேர்மாறான ஒரு விண்ணப்பம் இன்னும் நிலுவையில் உள்ளது. காவேரிப்பட்டினம் பக்கத்தைச் சேர்ந்த ஒரு தோழர் ஓய்வூதியம் பெறும் காலத்துக்கு முன்பே படையிலிருந்து விலகி, சில ஆண்டுகளுக்கு முன் காலமானவர். அவருடைய துணைவியார் அம்மையார், கணவருக்குப் பூர்வி ஸ்டார் கிடைத்திருக்க வேண்டும் என்று நம்மிடம் வந்தார். தொடர்புடைய அலுவலகத்துக்கு எழுதிய முதல் மனுவுக்குப் பதிலே வரவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, 10 ரூபாய் போஸ்டல் ஆர்டருடன் விண்ணப்பித்த பிறகுதான், ஓய்வூதியம் பெறாதவர்களின் ஆவணங்கள் 25 ஆண்டுகளுக்குப்பின் அழிக்கப்படும் விதியின்படி அவருடைய ஷீட் ரோல் அழிக்கப்பட்டுவிட்டது என்ற பதில் வந்தது. விதி அதுவே என்பதை ஏற்கிறேன். ஆனால், நாட்டுக்காகப் பணியாற்றிய ஒருவரின் துணைவியார் எழுதிய மனுவை, சட்டம் கட்டாயப்படுத்தும் வரை பதிலின்றிக் கிடப்பில் வைத்ததை என்னால் ஏற்க இயலவில்லை என்பதைப் பொதுக்குழுவில் பதிவு செய்ய விரும்புகிறேன்.

ஷீட் ரோல் போனாலும், எல்லாருடைய விவரமும் சுருக்கமாக எழுதப்பட்டு நிரந்தரமாகப் பாதுகாக்கப்படும் லாங் ரோல் இருக்கிறது. அதன் நகலைக் கேட்டு மீண்டும் எழுதியிருக்கிறோம். இதற்கிடையில், அம்மையாரின் தகரப் பெட்டியில் கணவர் எழுதிய இன்லேண்டு கடிதங்கள் கிடைத்தன. 1971 டிசம்பர் முதல் வாரத் தேதியிட்ட கடிதத்தில் அனுப்புநர் முகவரியாக அவருடைய யூனிட்டும், அதன்கீழ் '99 ஏ.பி.ஓ.' (இராணுவ அஞ்சல் நிலையம்) என்பதும் அவர் கையெழுத்திலேயே இருந்தன. கிழக்குப் பகுதியில் இருந்த யூனிட்டுகளுக்கான அஞ்சல் முகவரி 99 ஏ.பி.ஓ. என்பதும், மேற்கிலும் வடக்கிலும் 56 ஏ.பி.ஓ. என்பதும் நம் தலைமுறைக்குத் தெரியும். கடிதம் மட்டுமே தகுதியை நிறுவிவிடாது. ஆனால் லாங் ரோலில் உள்ள யூனிட் பெயரோடு பொருந்தினால் வலுவான துணைச்சான்றாகும். ஆகவே, பழைய கடிதங்கள், விடுமுறைச் சீட்டுகள், மருத்துவமனைச் சீட்டுகள், மூவ்மென்ட் ஆர்டர்கள் எனும் பயண ஆணைகள் எவற்றையும் பழைய காகிதக் கடைக்குப் போட்டுவிட வேண்டாம் என்று உறுப்பினர்களின் பிள்ளைகளையும் மருமக்களையும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

சில கோரிக்கைகளை நாம் எடுத்துக்கொள்ள மறுத்தோம். வீரச்செயலுக்கான சேனா மெடல் போன்ற விருதுகள், உரிய காலத்தில் கமாண்டிங் ஆபீசரின் பரிந்துரை மேலே சென்று வழங்கப்படுபவை. அன்று பரிந்துரை அனுப்பப்படாத நிலையில், இன்று ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு மனு எழுதி அவற்றைப் பெற முடியாது. இதைக் கேட்டு மனம் வருந்திச் சென்ற ஒரு மூத்தவர், தம் செயலின் மதிப்பைச் சங்கம் குறைத்துப் பேசியதாக எண்ண வேண்டாம். அவர் செய்ததை இந்த மன்றம் அறியும். பொய்யான நம்பிக்கையைக் கொடுத்து அவரை அலைக்கழிப்பதே அவருக்குச் செய்யும் அவமரியாதையாக இருந்திருக்கும்.

பதக்கம் வாங்கித் தருகிறோம், அதனால் ஓய்வூதியமும் உயரும் என்று சொல்லிப் பணம் பறிக்கும் இடைத்தரகர்கள் போச்சம்பள்ளி, ஊத்தங்கரைப் பகுதிகளில் சிலரை அணுகியிருக்கிறார்கள். நான் மேலே சொன்ன போர்ப் பதக்கங்களாலும் பணிக்காலப் பதக்கங்களாலும் மாத ஓய்வூதியம் ஒரு ரூபாயும் உயராது. போரில் காயமுற்றது பதிவாகாமல் போயிருந்தால் அது வேறு. காயத்துக்கான ஓய்வூதிய உரிமையைத் தொடும் செய்தி என்பதால் அதைத் தனி மனுவாகவே எழுத வேண்டும். அதேபோல், கடையில் விற்கும் பதக்கங்களையும் ரிப்பன்களையும் வாங்கி, பதிவேட்டில் ஏறுவதற்கு முன்பே அணிவதைத் தவிர்க்குமாறு வேண்டுகிறேன். உரியதைப் பதிவில் ஏற்றி அணிவோம். அதற்காகத்தானே இத்தனை பாடு.

விண்ணப்பிக்கும் முறையில் நாம் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் ஆவணம் எங்கே இருக்கிறது என்று அறிய வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் ஆவணங்கள் வெலிங்டனிலும், மெட்ராஸ் என்ஜினியர் குரூப் ஆவணங்கள் பெங்களூருவிலும், பீரங்கிப் படையினுடையவை நாசிக் ரோட்டிலும், தகவல்தொடர்புப் படையான சிக்னல்ஸ் ஜபல்பூரிலும், மின்–இயந்திரப் பொறியாளர் படையான இ.எம்.இ. செகந்திராபாத்திலும் உள்ளன, பின்னர் பாதுகாப்புக் காவல் படையான டி.எஸ்.சி.யில் சேர்ந்தவர்கள் கண்ணூரையும் விசாரிக்க வேண்டும். அடுத்து, குறை எந்த வகை என்று பிரித்துக்கொள்ள வேண்டும். பதிவில் இருந்தும் பதக்கம் கைக்கு வராதவர், பதக்கம் இருந்தும் பதிவில்லாதவர், இரண்டும் இல்லாதவர், வாங்கிய பதக்கத்தைத் தொலைத்தவர் ஆகிய நால்வருக்கும் மனு வேறு. தொலைத்ததை வரவே இல்லை என்று எழுதினால் முழு மனுவும் நம்பகம் இழந்துவிடும். மனுவை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாக அனுப்பி, ஒரு பிரதியை நேரடியாக ஸ்பீடு போஸ்டில் அனுப்புவது நல்ல பலன் தருகிறது. மூல டிஸ்சார்ஜ் புத்தகத்தை அவர்கள் கேட்டால் ஒழிய அனுப்பக் கூடாது. கேட்டாலும் எல்லாப் பக்கங்களையும் வண்ண நகல் எடுத்த பிறகே அனுப்ப வேண்டும். தகவல் உரிமை மனுவுக்கு 30 நாட்களில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு உண்டு. கோரிக்கை மறுக்கப்பட்டால், ஆணை வந்த 6 மாதங்களுக்குள் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாய அமர்வை அணுகலாம். அந்த நிலைக்கு இதுவரை நம் விண்ணப்பம் எதுவும் செல்லவில்லை.

இப்பணியில் நமக்கு வழிகாட்டிய மாவட்ட நல அலுவலகப் பணியாளர்களுக்கும், இந்தியிலும் ஆங்கிலத்திலும் வந்த கடிதங்களை மூத்தவர்களுக்குப் பொறுமையாகப் படித்துச் சொன்ன கல்லூரி மாணவர்களுக்கும், உறுதிமொழிப் பத்திரங்களைக் கட்டணமின்றி எழுதிக் கொடுத்த வழக்கறிஞர்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி தெரிவித்துக்கொள்கிறேன்.

வரும் ஆண்டில், 75 வயதைக் கடந்த உறுப்பினர்களின் டிஸ்சார்ஜ் புத்தகங்களை முன்னுரிமை கொடுத்துச் சரிபார்க்கவும், நடக்க இயலாதவர்களின் வீட்டுக்கே சென்று அவர்கள் பணியாற்றிய யூனிட்டுகளையும் இடங்களையும் அவர்கள் வாய்மொழியாகக் கேட்டு எழுதிக் கையொப்பம் பெறவும், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி மலைக்கிராமங்களில் இதுவரை சங்கத்தில் சேராத முன்னாள் வீரர்களின் குடும்பங்களையும் இதில் இணைத்துக்கொள்ளவும், இதற்கான அஞ்சல், நகல், பயணச் செலவுக்குச் சங்கத்தின் பொதுநிதியிலிருந்து தனித்தொகை ஒதுக்கவும் ஒப்புதல் வழங்குமாறு கேட்டு, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஏற்புக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்