ஹக் ஃபின்னை வகுப்பில் நடத்துவது பற்றி

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் கிடைத்தது. ஆகஸ்டு முதல் பதினோராம் வகுப்புக்கு அமெரிக்க இலக்கியம் உன் பொறுப்பு என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. பட்டியலில் மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெர்ரி ஃபின்’ நாவல் இருக்கிறதே, பேசாமல் விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். விடாதே. மற்ற புத்தகங்களைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன், இந்தக் கடிதம் முழுக்க ஹக்குக்குத்தான்.

ஹக் தன்னைப் பற்றி நினைப்பது ஒன்று, நாம் அவனிடம் பார்ப்பது வேறு. நாவல் நிற்பதே அந்த இடைவெளியில்தான். பதிமூன்று பதினான்கு வயதுப் பையன், ஊர் சொல்லிக்கொடுத்ததை அப்படியே நம்புகிறவன். அடிமை ஒருவர் தப்பிக்க உதவுவது திருட்டு, பாவம் என்று மனதார நம்பிக்கொண்டே, தப்பியோடிய அடிமை ஜிம்மோடு மிசிசிப்பி ஆற்றில் தோணியில் போய் அவருக்கு உதவுகிறான். இது பிடிபடாத மாணவர்களுக்கு நாவல் வெறும் ஆற்றுச் சாகசமாகிவிடும். அதைவிட மோசம், ஹக் சொல்வதெல்லாம் மார்க் ட்வைனின் சொந்தக் கருத்து என்று நினைத்துக்கொள்வார்கள். ஐந்து வாரமும் இந்த ஒன்றைக் கண்டுபிடிக்கப் பழக்குவதற்கே செலவாகட்டும்.

முதல் நாளே நோட்டுப் பக்கத்தின் நடுவே ஒரு கோடு போடச் சொல். இடப்பக்கம் ஹக் சொல்வது, வலப்பக்கம் உண்மையில் நடப்பது. எடுத்த எடுப்பிலேயே கனமான பகுதிக்குப் போகாதே. முதல் அத்தியாயத்தில் அவனை வளர்க்கும் விதவை அம்மாள் சாப்பிடும் முன் தலைகுனிந்து ஜெபிக்கிறாள். ஹக்கோ, சாப்பாடு நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு முணுமுணுக்கிறாள் என்று பார்க்கிறான். மாணவர்கள் இதற்குச் சிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அடுத்த பயிற்சி 18ஆம் அத்தியாயம். பகைகொண்ட இரண்டு குடும்பங்கள் துப்பாக்கியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தேவாலயத்தில் சகோதர அன்பைப் பற்றிப் பிரசங்கம் கேட்கின்றன. ஹக்குக்கு அது அலுப்பூட்டும் பிரசங்கம், அவ்வளவுதான். வலப்பக்கத்தை நிரப்புவது வாசகரின் வேலை.

பின்னணி சொல்கிறேன் என்று மூன்று நாள் ஸ்லைடு காட்டுகிறவர்கள் உண்டு. பலன் என்னவென்றால், கட்டுரை எழுதும்போது நாவலை விட்டுவிட்டு ஸ்லைடைத்தான் எழுதுகிறார்கள். இரண்டு வகுப்பு போதும். ஒரு வகுப்பில், அடிமையாக இருந்து தப்பிய ஃபிரெடரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றின் 6, 7ஆம் அத்தியாயங்கள். எழுத்து கற்றுக்கொடுத்த எஜமானியை அவள் கணவன் தடுத்துவிடுகிறான். அதன்பின் சிறுவன் டக்ளஸ் தெருவில் ஏழை வெள்ளைக்காரப் பையன்களுக்கு ரொட்டி கொடுத்துப் படிக்கக் கற்றுக்கொள்கிறான். 1838இல் எந்த வழியாகத் தப்பினார் என்பதை மட்டும் அந்த நூலில் அவர் சொல்லவில்லை, பின்னால் வருகிறவர்களுக்கு அந்த வழி அடைபட்டுவிடும் என்பதால். ஜிம்மின் நிலையில் இருந்த ஒருவரின் சொந்தக் குரலைக் கேட்டுவிட்டு ஹக்கிடம் வருவது மிக முக்கியம். காப்புரிமைத் தடையும் இல்லை, தாராளமாகப் பிரதி எடுத்துக் கொடுக்கலாம்.

இன்னொரு வகுப்பு வரைபடத்துக்கு. கதையின் ஊருக்கு மூலம் மிசூரி மாநிலத்து ஹானிபல். மிசூரி அடிமை மாநிலம், ஆற்றுக்கு அக்கரையில் இல்லினாய் அடிமை முறை இல்லாத மாநிலம். “அப்படியானால் நேராக அக்கரைக்குப் போயிருக்கலாமே?” என்று யாராவது கேட்பார்கள், கேட்காவிட்டால் நீயே கேள். தப்பியவர்களைப் பிடித்துத் திருப்பி ஒப்படைக்கும் சட்டம் 1793 முதலே இருந்தது. ஜிம்மின் தலைக்கு 300 டாலர் பரிசு. கையில் விடுதலைப் பத்திரம் இல்லாத கறுப்பர் இல்லினாயிலும் பிடிபடலாம். அதனால்தான் இல்லினாயின் தென்கோடியில் இருக்கும் கெய்ரோ ஊர் வரை மிதந்து, அங்கே மிசிசிப்பியோடு சேரும் ஒஹாயோ ஆற்றில் நீராவிக்கப்பல் ஏறி வடக்கே போகத் திட்டம். 15ஆம் அத்தியாயத்து மூடுபனியில் கெய்ரோ தவறிப்போகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மைலும் அடிமை நாட்டின் உள்ளே உள்ளே போகிற மைல். வரைபடம் ஐந்து வாரமும் சுவரில் தொங்கட்டும்.

மொழிநடை அடுத்த சிக்கல். ஏழு வட்டார வழக்குகளைக் கையாண்டிருப்பதாக ஆசிரியரே முன்குறிப்பில் சொல்கிறார். கண்ணால் மட்டும் படித்தால் தடுக்கும், காதில் விழுந்தால் புரியும். முதல் இரண்டு அத்தியாயங்களை நீயே வாய்விட்டுப் படி. ஜிம்மின் பேச்சை மட்டும் மாணவர்களை நடித்துப் படிக்க விடாதே. அது கேலிக்குரலாகிவிடும், வகுப்பில் இருக்கும் கறுப்பின மாணவர்கள்தான் அதைச் சகித்துக்கொண்டு உட்கார வேண்டிவரும்.

கறுப்பர்களை ஏசும் அந்த ஆங்கில இழிசொல் புத்தகத்தில் 200 தடவைக்கு மேல் வருகிறது. ஆரம்பிக்க ஒரு வாரம் முன்பே பெற்றோருக்குக் கடிதம் போய்விட வேண்டும், துறைத்தலைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வகுப்பில் யாரும், நீ உட்பட, அதை உச்சரிப்பதில்லை. எழுத்தில் முதலெழுத்தும் ஒரு கோடும். அதைப் பற்றிய பேச்சு வரும்போது கறுப்பின மாணவர் பக்கம் திரும்பிப் பதில் எதிர்பார்க்காதே. 2011இல் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ‘அடிமை’ என்று போட்ட பதிப்பு ஒன்று வந்தது. வகுப்புக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. 6ஆம் அத்தியாயத்தில் ஹக்கின் அப்பன் ஒஹாயோவிலிருந்து வந்த, அடிமையே அல்லாத, ஒரு கறுப்பினப் பேராசிரியரைத்தான் அந்தச் சொல்லால் ஏசுகிறான். வசை நிறத்தின் மேல் விழுகிறது.

25 வகுப்புகளில் 43 அத்தியாயங்கள். இரவுக்குப் பதினைந்து பக்கம் கொடுக்கலாம், அதற்கு மேல் போனால் படிக்கமாட்டார்கள். 34 முதல் 39 வரை ஒரு பக்கச் சுருக்கம் போதும். 15, 16, 23, 31 ஆகியவற்றில் மெதுவாகப் போ. 16இல் தப்பிய அடிமைகளைத் தேடி வரும் ஆட்களிடம், தோணியில் பெரியம்மை இருப்பதாக நினைக்கும்படி ஹக் பேசுகிறான். ஆளுக்கு ஒரு 20 டாலர் தங்கக்காசைப் பலகையில் வைத்து மிதக்கவிட்டு ஓடிவிடுகிறார்கள். ஜிம்மைக் காப்பாற்றிய அந்தக் கணத்தில், தப்பு செய்துவிட்டோமே என்றுதான் ஹக் வருந்துகிறான். இதை உள்வாங்காத வகுப்பு 31இல் நிச்சயம் வழுக்கும்.

31க்கு இரண்டு முழு வகுப்பு ஒதுக்கு. ஜிம் இருக்கும் இடத்தைச் சொல்லி உடைமைக்காரிக்கு ஹக் கடிதம் எழுதுகிறான், பாவம் கழுவப்பட்டதுபோல் உணர்கிறான், பிறகு ஜிம்மை நினைத்துக் கிழித்துவிடுகிறான். அடிமை முறை தவறு என்று ஹக் உணர்ந்துவிட்டான் என்று வகுப்பில் பெரும்பாலோர் எழுதுவார்கள். “அப்படிச் சொல்லும் வரியைக் காட்டுங்கள்” என்று பத்து நிமிடம் கொடு. தேடுவார்கள், கிடைக்காது. நரகத்துக்குப் போவதாக அவன் உறுதியாக நம்புகிறான், நம்பியே அதைத் தேர்ந்தெடுக்கிறான். அந்த மௌனத்தை அவசரப்பட்டு நிரப்பாதே. மறுநாளே 32: ஹக் இட்டுக்கட்டிச் சொல்லும் கப்பல் விபத்தில் யாருக்காவது அடிபட்டதா என்று, ஜிம்மைப் பிடித்து வைத்திருக்கும் வீட்டுச் சாலி அத்தை கேட்க, யாருக்கும் இல்லை, ஒரு கறுப்பர் செத்தார் என்கிறான் ஹக். முந்தின நாள் அவனைக் கொண்டாடியவர்கள் தடுமாறிப்போவார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு வாரயிறுதி விழாதபடி பார்த்துக்கொள், விழுந்தால் சூடு ஆறிவிடும்.

முடிவு கோபமூட்டும். பூட்டி வைக்கப்பட்ட ஜிம்மை மீட்பதை ஹக்கின் நண்பன் டாம் சாயர் ஒரு விளையாட்டாக்கி இழுத்தடிக்கிறான். ஜிம்முக்கு இரண்டு மாதம் முன்பே உடைமைக்காரியின் உயிலில் விடுதலை கிடைத்துவிட்டது, அது டாம் சாயருக்குத் தெரியும் என்பது 42இல் வெளியாகிறது. ஜிம் திருடப்படும் இடத்தோடு நிறுத்திவிட வேண்டும், மிச்சம் ஏமாற்று என்று நாவலாசிரியர் ஹெமிங்வே 1935இல் எழுதினார். மற்றொரு வாசிப்பும் இருக்கிறது. ட்வைன் இதை எழுதியது 1876க்கும் 1883க்கும் இடையில். 1877இல், விடுதலையான கறுப்பர்களுக்குத் தென்மாநிலங்களில் இருந்த கூட்டாட்சி அரசின் பாதுகாப்பு விலகியது. சட்டப்படி விடுதலையானவரை மறுபடி பூட்டி வைத்து விளையாடுவது அந்தக் காலத்தையே காட்டுகிறது என்பார்கள். எனக்கு இரண்டாவதுதான் வலுவாகப் படுகிறது. வகுப்பில் உன் பக்கத்தைக் கடைசிவரை சொல்லாமல் இரு.

தேர்வுக்கு ‘சுதந்திரம் என்ற கருப்பொருள்’ போன்ற தலைப்பு கொடுத்தால் இணையத்திலிருந்து இரவல் கட்டுரைதான் வரும். ஒரு பக்கப் பகுதியை அச்சிட்டுக் கொடு. 45 நிமிடம், கையெழுத்தில், வகுப்பிலேயே. மேற்கோள் ஏழெட்டுச் சொல்லைத் தாண்டக்கூடாது. ஒவ்வொரு மேற்கோளுக்கும் பின்னால் அவர்களுடைய சொந்த வாக்கியம் இரண்டு. நீளமான மேற்கோளை ஒட்டவைத்து இடத்தை நிரப்புவதுதான் வழக்கமான கோளாறு.

எல்லாம் முடிந்தபின், பெர்சிவல் எவரெட் 2024இல் எழுதிய ‘ஜேம்ஸ்’ நாவலில் ஓர் அத்தியாயம் படிக்கலாம். அதில் கதையைச் சொல்பவர் ஜிம். வெள்ளைக்காரர் முன்னால் எப்படித் தடுமாறிப் பேசவேண்டும் என்று குழந்தைகளுக்கு அவர் பாடம் எடுக்கும் பகுதியைத் தேர்ந்தெடு. முன்கூட்டியே கொடுத்துவிடாதே.

உன் பள்ளியில் வகுப்பு எத்தனை நிமிடம், அலமாரியில் எந்தப் பதிப்பு எத்தனை பிரதி இருக்கிறது என்று எழுது. அதற்கேற்ப நாள்வாரியாகப் பிரித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
கௌரி