கேரம் போர்டு இன்னும் பரண்மேல்தான் இருக்கிறது

அன்புள்ள கண்ணா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதிலிருந்து மனது ஒரு நிலையில் இல்லை. புனேயில் அறை நண்பர்களோடு சேர்ந்து 'வட சென்னை' பார்த்தாயாம். படம் முடிந்ததும் கோயம்புத்தூர்ப் பையன், "நீ அந்த ஏரியாதானே, உங்க தெருவும் இப்படித்தானா?" என்று கேட்டானாம். "இல்லடா, நாங்க பாரிமுனை பக்கம்" என்று சொல்லிவிட்டாயாம். நீ சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. போனில் பேசினால் குரல் உடைந்துவிடும் போலிருந்தது, அதனால்தான் எழுதுகிறேன். உன்னைத் திட்டுவதற்கு இல்லை. 28 வருஷம் வடசென்னைக் காசிமேட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள் நான். அந்தப் படத்தைப் பற்றி எனக்கும் சொல்ல நிறைய இருக்கிறது.

படம் 2018 அக்டோபரில் வந்தது. நீ அப்போது காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய். நானும் உன் சித்தியும் எதிர்வீட்டு அக்காவும் போனோம். பெரியவர்களுக்கு மட்டும் என்று சான்றிதழ் கொடுத்த படம், பெண்கள் மூன்று பேர் தனியாகப் போகலாமா என்று சித்திக்கு ஒரே தயக்கம். "நம்ம ஊர்க் கதையை நாம பார்க்காம யாரு பார்க்கிறது" என்று எதிர்வீட்டு அக்காதான் இழுத்துக்கொண்டு போனாள். இடைவேளை வரைக்கும் சித்திக்கு எதுவுமே பிடிபடவில்லை. கதை 1987இல் தொடங்குகிறது, அப்புறம் சிறைக்குள் போகிறது, திரும்பப் பின்னால் போகிறது. "இப்ப எந்த வருஷம் அக்கா?" என்று காதோடு கேட்டுக்கொண்டே இருந்தாள். குழப்பம் என்று சொன்னவர்கள் அன்றைக்கு நிறைய. எனக்கு அந்தச் சிரமம் இல்லை. நம் தெருவில் யாரைப் பற்றிக் கேட்டாலும் கதையை அப்படித்தானே சொல்வார்கள்? முதலில் இன்றைக்கு நடந்த சண்டை, அப்புறம் "இதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கு டீச்சர்" என்று அவன் அப்பன் காலத்துக்குப் போவார்கள்.

தியேட்டரை விட்டு வெளியே வந்தபோது ஆளுக்கொரு பேச்சு. பையன்கள் எல்லாம் சிறையில் கேரம் ஆட்டத்துக்கு நடுவில் கதாநாயகன் அன்பு, தாதா செந்திலைக் குத்துகிற இடத்தைப் பற்றியே பேசினார்கள். வயசான ஆண்கள், "பேச்சு அப்படியே நம்ம பேச்சுப்பா, ஆனா இவ்வளவு கெட்ட வார்த்தை எதுக்கு" என்றார்கள். அந்த வார்த்தைகள் தெருவில் தினமும் காதில் விழுகிறவைதான். ஆனாலும் பெண்டாட்டி பிள்ளையோடு உட்கார்ந்து திரையில் கேட்கும்போது கூசியது, அவ்வளவுதான். பெண்கள் பேசியது முழுக்கச் சந்திராவைப் பற்றி. புருஷனைக் கொன்றவர்களில் ஒருவனையே கட்டிக்கொண்டு, அவன் வீட்டில் சோறு பொங்கிக்கொண்டே, உள்ளுக்குள் வன்மத்தை வளர்க்கிறாளே, அது. எதிர்வீட்டு அக்கா வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலுக்கு வந்த பிறகு, "அவ முகத்தைப் பார்த்தியா டீச்சர், அழவே இல்ல பாரு" என்றாள். அவள் புருஷன் செத்து அப்போது 4 வருஷம் ஆகியிருந்தது. அன்றைக்கு வந்த விமர்சனங்கள் எத்தனையோ படித்தேன், அந்த ஒரு வரிக்கு ஈடாக எதுவும் இல்லை.

மீனவர்கள் வருத்தப்பட்ட விஷயம் உனக்குத் தெரியுமா? சந்திராவும் அவள் முதல் புருஷன் ராஜனும் படகில் நெருக்கமாக இருக்கிற காட்சி ஒன்று. படகு நம் ஆட்களுக்குச் சாமி மாதிரி. புதுப் படகைக் கடலில் இறக்கும்போது மஞ்சள் குங்குமம் வைத்துச் சூடம் காட்டுவதை நீயே சின்ன வயதில் பார்த்திருக்கிறாய், தேங்காய்ச் சில்லுக்காக ஓடுவாய். அதில் போய் அப்படி ஒரு காட்சியா என்று குமுறிவிட்டார்கள். இயக்குநர் வெற்றிமாறன் வருத்தம் தெரிவித்து, அந்தக் காட்சியையும் எடுத்துவிட்டார். நான் அவரை மதிப்பது படத்துக்காக மட்டும் இல்லை, இதற்காகவும்தான். அந்த நேரத்தில் இன்னொரு பேச்சும் எழுந்தது: "வடசென்னை என்றாலே கத்திதானா? எங்களில் படித்தவன் இல்லையா, உழைக்கிறவன் இல்லையா?" அந்தக் கேள்வியோடு நான் முழுக்க நிற்கிறேன். ஆனால் அந்தக் கோபம் முழுவதையும் படத்தின்மேல் கொட்டுவதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். 1987 தீபாவளிக்கு, மும்பை தாராவியின் தாதா கதையான 'நாயகன்' வந்தது. எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. பார்த்துவிட்டு இரண்டு நாள் தூங்கவில்லை, அவ்வளவு பிடித்தது. தாராவி என்ற பெயரையே அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டேன். அதற்கப்புறம் எத்தனையோ வருஷம், தாராவியிலிருந்து வருகிறேன் என்று யாராவது சொன்னால் என் மனதுக்குள் சட்டென்று ஒரு கதவு சாத்திக்கொள்ளும். அங்கே தோல் பதனிடுகிறவர்களும் குயவர்களும் நம் திருநெல்வேலிக்காரர்களும் லட்சக்கணக்கில் உழைத்துப் பிழைக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. படம் எனக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன். உன் கோயம்புத்தூர் நண்பனும் அதைத்தான் செய்திருக்கிறான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நீ. நீயும் பாரிமுனைக்குப் போய் ஒளிந்துகொண்டால் யார் சொல்வது?

கத்தியை விட்டுவிட்டு அந்தப் படத்தை ஒரு தடவை பார். ராஜன் எதற்காகச் சாகிறான்? கடலோரத்து நிலம் வேண்டும் என்று வருகிறவர்களுக்கு வழிவிடாமல் நிற்பதால். கடைசியில் அன்பு எதற்காக எழுந்து நிற்கிறான்? அதே நிலத்துக்காக. எண்ணூர் விரைவுச் சாலையை அகலப்படுத்தக் கடலோர வீடுகளை எடுத்தபோது என் வகுப்பில் பெஞ்சுகள் காலியானது எனக்கு மறக்காது. திங்கட்கிழமை வருகைப் பதிவேட்டில் பெயரைக் கூப்பிட்டால், "அவங்க வீட்டைக் காலி பண்ணிட்டாங்க டீச்சர்" என்று பக்கத்துப் பிள்ளை சொல்லும். ஒரு பக்கம் கடல் மணலை அரிக்கிறது, மறுபக்கம் கண்டெய்னர் லாரி வரிசை கட்டி நிற்கிறது, நடுவில் நம் ஆட்கள். இதைச் சினிமாவில் ஒருவர் சொன்னார் என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. ஆனால் தியேட்டரை விட்டு வந்தவர்களில் நிலத்தைப் பற்றிப் பேசியவர்கள் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இன்னொன்று. "படம் மெதுவாகப் போகிறது, அன்பு ரவுடியாக இவ்வளவு நேரமா" என்று சலித்துக்கொண்டவர்களும் உண்டு. எனக்கு அந்த மெதுவுதான் நிஜம். அன்புக்கு வேண்டியது கேரம், வேறொன்றும் இல்லை. நாளைக்கு ரவுடி ஆகப்போகிறேன் என்று அவன் எந்தக் காலையிலும் எழுந்திருக்கவில்லை. நீ 'கேரம் அண்ணா' என்று கூப்பிடுவாயே, அவனை நினைத்துப் பார். என்னிடம் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். சாயங்காலம் நம் தெருமுனையில் எண்ணெய் டிரம்மின்மேல் போர்டைப் போட்டு, மேலே குண்டு பல்பைத் தாழ இறக்கிக் கட்டியிருப்பார்கள். போரிக் பவுடரை உள்ளங்கையில் கொட்டி, போர்டின் நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டவட்டமாகத் தேய்ப்பான், எங்கள் அம்மா தோசைக்கல்லில் எண்ணெய் தடவுகிற மாதிரி. ஸ்ட்ரைக்கரைச் சுண்டுவதற்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொள்வான். சிவப்புக் காயினைப் போட்டு, அடுத்து ஃபாலோ காயினையும் போட்டுவிட்டுத்தான் அந்த மூச்சை விடுவான். நீ எட்டு வயசுப் பையன், டிரம்முக்குப் பக்கத்தில் செங்கல்மேல் ஏறி நின்று வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பாய்.

அவனுக்கு என்ன ஆயிற்று என்று உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. நீ சின்னப் பையன் என்று மறைத்தோம். முதலில் ஒரு அண்ணனுக்காக பைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான், அவ்வளவுதான். அப்புறம் ஒரு பையை ஓரிடத்தில் வாங்கி இன்னோரிடத்தில் கொடுத்தான். 19 வயதில் வேறு யாரோ செய்த வெட்டுக்குத் தான் போய்ச் சரணடைந்தான். கேஸை ஏற்றுக்கொள்வது என்று சொல்வார்கள். வீட்டுக்குப் பணம் தருகிறோம், மூன்று மாதத்தில் ஜாமீனில் எடுக்கிறோம் என்று சொன்னார்களாம். ஆனால் ஒருவரும் எடுக்கவில்லை. படத்திலும் அதுதானே? யார் உள்ளே போவது, போனவனை யார் வெளியே எடுப்பது, அந்தப் பேச்சில்தான் கூட்டாளிகளான குணாவும் செந்திலும் முறைத்துக்கொள்கிறார்கள். அதைப் பார்த்ததும் தியேட்டர் இருட்டில் எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. எட்டாம் வகுப்போடு அவனை அனுப்பிய பிறகு ஒரு தடவையாவது வீட்டுக்குப் போய் விசாரித்தேனா நான் என்ற கேள்வி இன்னும் போகவில்லை.

அவன் அம்மா வாரா வாரம் மனு போட்டு அவனைப் பார்க்கப் புழல் ஜெயிலுக்குப் போவாள், மனு பார்ப்பது என்பார்கள். பஸ் ஸ்டாப்பில் என்னைப் பார்த்தால் பையைப் பின்னால் மறைப்பாள். உள்ளே ரெண்டு பாக்கெட் பிஸ்கெட்டும் சாத்துக்குடியும் இருக்கும். எங்கே போகிறாய் என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

அவன் வெளியே வந்து பல வருஷம் ஆகிறது. இப்போது துறைமுகத்தில் ஐஸ் உடைத்துப் படகுகளுக்கு ஏற்றுகிற வேலை. விடியற்காலை 3 மணிக்குப் போனால் பத்து மணிக்குத் திரும்புவான். போன மாதம் மீன் வாங்கப் போனபோது பார்த்தேன். ரப்பர் செருப்போடு ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை வந்தான். எனக்கு ரொம்ப நாளாக ஒரு கேள்வி. "அந்தப் படத்தைப் பார்த்தியாடா?" என்று கேட்டேவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தான். "பார்த்தேன் டீச்சர். நல்லாத்தான் எடுத்திருக்காங்க. கேரம் ஆடுற கை எல்லாம் சரியா இருந்துச்சு" என்றான். அப்புறம் அவனாகவே சொன்னான்: "மனு பார்க்குறப்ப வலைக்கு அந்தப் பக்கம் அம்மா நிக்கும். சுத்தி நூறு பேரு கத்துவான். அது என்ன சொல்லுதுன்னு எனக்குக் கேட்காது, நான் சொல்றது அதுக்குக் கேட்காது. சாப்பிட்டியான்னு கையால வாயைக் காட்டும். எனக்கு ஜெயில்னா அதுதான் டீச்சர்."

கண்ணா, அந்தப் படத்தைப் பற்றி ஆயிரம் பேர் ஆயிரம் சொன்னார்கள். இவன் சொன்னதையும் சேர்த்துக்கொள்.

உன் நண்பன் மறுபடி கேட்டால் இல்லை என்று சொல்லாதே, ஆமாம் என்றும் மொட்டையாகச் சொல்லிவிடாதே. எங்கள் ஊரில் கத்தி இருந்தது, இருக்கிறது. 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியதும் எங்கள் ராயபுரத்தில்தான். இந்தியாவில் முதன்முதலாக முறைப்படி அமைந்த தொழிற்சங்கம் என்று சொல்கிறார்களே, 1918இல், அது பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள் கட்டியது. கேரம் என்று பேச்சு வந்தால், இரண்டு தடவை உலகப் பட்டம் வென்று அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயம் நம் சென்னைக்காரர் என்று சொல். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் 3 தங்கம் வாங்கிய காசிமா, புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோக்காரர் மகள். அந்தப் பெண் தங்கத்தோடு திரும்பிய செய்தியை டிவியில் பார்த்தபோது நான் கைதட்டிவிட்டேன், உன் அப்பா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். இதையெல்லாம் ஒப்பிக்க வேண்டாம், மனதில் இருந்தால் போதும், பேச்சு தானாக வரும். இன்னும் சொல்வதாக இருந்தால், நீ செங்கல்மேல் நின்று ஆட்டம் பார்த்த கதையைச் சொல். அதை உன்னைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது.

பொங்கலுக்கு டிக்கெட் போட்டுவிட்டாயா? அந்தப் பையன்களில் யாராவது வந்தால் கூட்டிக்கொண்டு வா. விடியற்காலையில் ஏலம் பார்க்கப் போகலாம். வஞ்சிரம் இப்போது தொட முடியாத விலை, சங்கராதான் நம் கைக்கு எட்டுகிறது. அதையே உனக்குப் பிடித்த மாதிரி வறுத்துத் தருகிறேன்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். கேரம் அண்ணாவின் மகள் இப்போது ஐந்தாம் வகுப்பு. போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தாள். பரண்மேல் இருக்கிற உன் போர்டைப் பார்த்துவிட்டு அவள் அப்பாவிடம் மெல்ல ஏதோ சொன்னாள், அவன் அதட்டி அடக்கிவிட்டான். கீழே இறக்கித் துடைத்துப் பார்த்தேன். பலகை வளையவில்லை, ஒரு மூலையில் வலை மட்டும் கிழிந்திருக்கிறது, அதைத் தைத்துவிடலாம். காயின் 19ம் இருக்கிறது. ஸ்ட்ரைக்கரைத்தான் காணவில்லை, எங்கே வைத்தாய்? போர்டை அவளுக்குக் கொடுத்துவிடட்டுமா?

இப்படிக்கு,
அம்மா